பழைய விமானத் தபால் அட்டைகளை வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

விமானத் தபாலின் ஆரம்ப கால அட்டைகளைச் சேகரிக்க ஆசை, காசு கொடுக்குமுன் எதைக் கவனிக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். படத்தில் மயங்காதீர்கள், தபால் நிலையத்தில் மையால் குத்திய முத்திரையைப் பாருங்கள். விமானப் படம் போட்ட அட்டை எத்தனையோ கிடைக்கும். அது விமானத்தில் ஏறியதா என்பதை முத்திரைதான் சொல்லும்.

எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது அலகாபாத் கதையால். 1911 பிப்ரவரி 18 அன்று, அங்கே பொருட்காட்சி நடந்த சமயம், ஆன்றி பெக்கே என்ற 23 வயதுப் பிரெஞ்சு விமானி சுமார் 6,500 தபால்களை ஏற்றிக்கொண்டு யமுனையைத் தாண்டி நைனியில் இறங்கினார். பறந்தது 13 நிமிடம். உலகின் முதல் அதிகாரபூர்வ விமானத் தபால் அதுதான். தபால் ஒன்றுக்கு ஆறணா வாங்கி, அந்தப் பணத்தை அங்கிருந்த மாணவர் விடுதிக்குக் கொடுத்தார்கள். அதற்கென்றே செய்த முத்திரையில் மலைகளுக்கு மேலே ஒரு விமானம் இருக்கும், மெஜந்தா மையில். நைனிக்கு அப்புறம் அந்தத் தபாலெல்லாம் வழக்கம்போல ரயிலிலும் கப்பலிலும்தான் போனது. அந்த 13 நிமிடத்துக்குச் சாட்சி அந்த முத்திரை மட்டுமே.

அந்த அட்டை வாங்க எனக்கு வசதியில்லை. என்னிடம் இருப்பது அதே ஆண்டு செப்டம்பரில் லண்டன் ஹெண்டனிலிருந்து வின்ட்சருக்குப் பறந்த அட்டை. அலகாபாத்தில் ஏற்பாடு செய்த வால்டர் விண்டம்தான் அதற்கும் காரணகர்த்தா. முன்புறம் வின்ட்சர் கோட்டையும் மேலே விமானமும். பின்னால் யாரோ பென்சிலால் நெருக்கி நெருக்கி எழுதியிருக்கிறார்கள். லென்ஸ் வைத்துப் பார்த்தால் முத்திரை மை காகித இழைக்குள் இறங்கியிருப்பது தெரியும். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும்.

இணையத்தில் வாங்கினால் இரண்டு பக்கப் படமும் கேளுங்கள். ஒரு பக்கம் மட்டும் காட்டுபவரிடம் நான் வாங்குவதில்லை.

பாதுகாப்பு ரொம்ப முக்கியம். கிழிந்த ஓரத்தில் செல்லோடேப் ஒட்டி ஒரு நல்ல அட்டையை நானே கெடுத்திருக்கிறேன். சில வருடத்தில் பசை பழுப்பாக ஊறிவிட்டது, இன்னும் மனசு ஆறவில்லை. ஒட்டாதீர்கள், லேமினேட் செய்யாதீர்கள். பாலியெஸ்டர் பிளாஸ்டிக் உறை போதும். சென்னை மாதிரி ஈரக்காற்று ஊரென்றால் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் போடுங்கள்.

தொடக்கத்துக்கு நான் சொல்வது 1932 அக்டோபர் 15 டாடா விமானத் தபால். கராச்சியிலிருந்து பம்பாய் வரை ஜே.ஆர்.டி. டாடாவே ஓட்டிவந்தார். அங்கிருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்தவர் நெவில் வின்சென்ட். கராச்சி முத்திரையோடு பின்புறம் சென்னை வந்துசேர்ந்த முத்திரையும் தெளிவாக இருந்தால், மூலை கொஞ்சம் மடங்கியிருந்தாலும் பரவாயில்லை, வாங்கிவிடுங்கள்.