பத்து முதல் பதினைந்து வயது வரை: கேள்வி பதில்

கேள்வி: ஐந்தாம் வகுப்புவரை ஆர்வமாகப் படித்த மகள், ஆறாம் வகுப்புக்குப் புதிய பள்ளி போனதும் சுருங்கிவிட்டாள். வயதுக் கோளாறுதானே?

பதில்: வயதின்மேல் பழிபோடுமுன் அவளுடைய பாடவேளை அட்டவணையைப் பாருங்கள். முன்பு ஒரே ஆசிரியை நாள் முழுவதும் அவளோடு இருந்திருப்பார். இப்போது மணியடிக்க மணியடிக்க ஆள் மாறுகிறது. முகம் வாடினால் கவனிக்க யாருமில்லை. தானே முடிவெடுக்கத் துடிக்கும் வயதில் கட்டுப்பாடு கூடுகிறது. பிறர் பார்வைக்குக் கூசும் வயதில் மதிப்பெண்ணை வகுப்பறையில் உரக்க வாசிக்கிறார்கள். ஜாக்குலின் எக்கிள்ஸ், கேரல் மிட்ஜ்லி என்ற ஆய்வாளர்கள் 1980களிலேயே இந்தப் பொருத்தமின்மையைச் சுட்டிக்காட்டினார்கள். இதைச் சரிசெய்ய, நான்கைந்து ஆசிரியர்கள் ஒரு குழுவாகச் சேர்ந்து, குறிப்பிட்ட சில வகுப்புகளைத் தாங்களே பொறுப்பேற்க வேண்டும். அவர்கள் வாரந்தோறும் கூடுவது பாடத்திட்டம் பேச மட்டுமல்ல, பிள்ளைகளைப் பற்றிப் பேசவும்தான். அந்த நேரத்தை அட்டவணையிலேயே ஒதுக்காத பள்ளியில் இது பெயரளவில்தான் நடக்கும்.

கேள்வி: நடுநிலை வகுப்புகளுக்குத் தனிக் கட்டடம் வேண்டுமா?

பதில்: வேண்டாம். பள்ளி மாறுவதே சில பிள்ளைகளுக்கு ஓர் அடி.

கேள்வி: 13 வயது மகன் காலையில் எழ மறுக்கிறான். சோம்பலா?

பதில்: இல்லை. பருவமடையும்போது, தூக்கத்துக்கு உடலைத் தயார்செய்யும் மெலடோனின் என்ற ஹார்மோன் இரவில் தாமதமாகவே சுரக்கிறது. அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாதமி 2014இல், இந்த வயதினருக்குக் காலை 8.30க்கு முன் பள்ளி தொடங்க வேண்டாம் என்றது.

கேள்வி: இரவெல்லாம் கைப்பேசி பார்ப்பவனுக்கு மெலடோனின் ஒரு சாக்கு!

பதில்: கைப்பேசி நிலைமையை மோசமாக்கும், மறுக்கவில்லை. ஆனால் தூக்க ஆய்வாளர் மேரி கார்ஸ்கடன் குழு பருவமடைதலுக்கும் இந்தத் தாமதத்துக்கும் உள்ள தொடர்பை எழுதியது 1993இல். அன்று எந்தப் பிள்ளை கையில் கைப்பேசி இருந்தது?

கேள்வி: (இன்னொருவர், ஆசிரியர்) பள்ளி தாமதமாகத் தொடங்கினால் பிள்ளைகளும் தாமதமாகத் தூங்குவார்கள், அவ்வளவுதான்.

பதில்: சற்று மூத்த பிள்ளைகளிடம் சோதித்தாயிற்று ஐயா. அமெரிக்காவின் சியாட்டில் நகர உயர்நிலைப் பள்ளிகள் 2016இல் 7.50இலிருந்து 8.45க்கு மாறின. பிள்ளைகள் அன்றாடம் 34 நிமிடம் கூடுதலாகத் தூங்கினார்கள். முழு 55 நிமிடமும் கிடைக்கவில்லை என்பீர்கள், ஒப்புக்கொள்கிறேன். அதற்காக அந்த 34ஐயும் பறிப்பீர்களா?

கேள்வி: என் மகளும் காலையில் எழுவதில்லை. ஹார்மோனா?

பதில்: மேலே இருப்பதைப் படியுங்கள். எதற்கெடுத்தாலும் ஹார்மோன் என்று சொல்லிப் பள்ளியைத் தப்பவிடாதீர்கள்.

கேள்வி: ஏழாம் வகுப்புக் கணக்குக்கு எந்தப் பயிற்சி நூல் நல்லது?

பதில்: கணக்கு ஆசிரியரைக் கேளுங்கள்.

கேள்வி: காலையில் எழுப்ப ஏதாவது வழி?

பதில்: பள்ளித் தொடக்க நேரத்தை மாற்றச் சொல்லி நிர்வாகத்துக்கு மனு எழுதுங்கள். அந்த ஆசிரியர் ஐயாவிடமும் கையெழுத்து வாங்குங்கள்.