சொல்லிவிடவா, பள்ளி மாறிவிடவா?

கேள்வி: மலேசியாவின் பட்டர்வொர்த்தில் படிவம் 4 படிக்கிறேன். தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்தவன். வகுப்பில் தமிழ் மாணவர்கள் மூன்றே பேர். மற்ற இருவரும் ஒரே டியூசன், எப்போதும் ஒன்றாகவே திரிவார்கள். இடைவேளையில் நான் நூலகத்தில் உட்கார்ந்திருப்பேன். படிவம் 3-லிருந்தே ஒரு பெண்ணை விரும்புகிறேன். கணக்குக் குறிப்பு வேண்டுமென்றால் மட்டும் புலனத்தில் (வாட்ஸ்அப்) செய்தி அனுப்புவாள். சொல்லிவிடலாமா? வேறு பள்ளிக்குப் போய்விடலாமா?
- பெயர் வேண்டாம்

பதில்: தம்பி, எஸ்பிஎம் தேர்வு அடுத்த ஆண்டு. இப்போது பள்ளி மாறினால் ஆசிரியர்களும் புதிது, முகங்களும் புதிது. தனிமை மட்டும் கூடவே வரும்.

முதலில் உங்கள் இடைவேளையைச் சரிசெய்யுங்கள். நாள் முழுக்க உங்களோடு பேசுகிற ஒரே ஆள் அவள் என்றால், அவள் அனுப்பும் ஒரு 'நன்றி'கூட மலையாகத் தெரியும். அதுவும் எப்போது வரும் என்று தெரியாமல் வருவதால் ஏக்கம் இன்னும் கூடும்.

கும்பலாக உட்கார்ந்திருக்கும் மேசைக்குப் போய் நிற்காதீர்கள். பாதிப் பேச்சில் நுழைய இடம் கிடைக்காது. கேண்டீன் வரிசையில் தனியாக நிற்பவரிடம் பேச்சுக் கொடுங்கள். அதைவிடச் சுலபம் சீருடை இயக்கம். சாரணரில் கூடாரம் கட்டவும், செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் முதலுதவிப் படையில் கட்டுப்போட்டுப் பழகவும் இன்னோர் ஆள் வேண்டும், பேச்சு தானாக வரும். வருகைப் பதிவுக்காகப் போய்க் கடைசி வரிசையில் நின்றால் பலன் இல்லை. பொருள்களை எடுத்துவைக்கும் பொறுப்பைக் கேட்டு வாங்குங்கள். தமிழ் வகுப்பு இருந்தால் சேருங்கள், மற்ற வகுப்புப் பிள்ளைகளும் வருவார்கள். இல்லையென்றால், 15 மாணவரின் பெற்றோர் கேட்டால் நடத்த 1996 கல்விச் சட்டத்தில் வழி இருக்கிறது.

ஒரு மாதம் கழித்தும் மனம் அவளிடமே நின்றால் சொல்லுங்கள். ஒரே முறை, நேரில், ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில், ஆனால் யார் காதிலும் விழாமல். நண்பனைத் தூது விட்டால் பள்ளி விடுவதற்குள் வகுப்புக்கே தெரிந்துவிடும். பரிசும் வேண்டாம், மறுக்க அவளுக்குச் சங்கடம். "உன்னை எனக்குப் பிடிச்சிருக்கு. உனக்கு அப்படி இல்லன்னா பரவாயில்ல, சொல்லிடு." இவ்வளவு போதும். "ஃபிரண்டாவே இருப்போம்", "இப்ப படிக்கணும்", மௌனம், மூன்றுமே மறுப்புதான். மறுபடி கேட்டால் அது தொல்லை.

மறுத்துவிட்டால் அவள் ஸ்டேட்டஸை ம்யூட் செய்யுங்கள். குறிப்பு கேட்டால் வகுப்புக் குழுவில் எல்லாருக்குமாகப் போடுங்கள். இரவில் பழைய செய்திகளைப் புரட்டுவதுதான் பெரிய கெடுதல், ஆறுகிற புண்ணைக் கிளறுவது போல. வலி குறையவே செய்யும். 2010-இல் அமெரிக்க ஆய்வாளர் ஹெலன் ஃபிஷர் குழுவினர் காதலில் மறுக்கப்பட்ட 15 பேரின் மூளையைப் படமெடுத்தார்கள். பிரிந்து அதிக நாளானவர்களிடம் பிணைப்போடு தொடர்புள்ள பகுதியின் செயல்பாடு குறைவாக இருந்தது.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் சாப்பாடும் கெட்டால் பள்ளி ஆலோசக ஆசிரியரைப் பாருங்கள். வாழவே வேண்டாம் என்று தோன்றினால் அந்த நிமிடமே வீட்டில் சொல்லுங்கள், அல்லது தாலியான் காசே (Talian Kasih) உதவி எண் 15999-ஐ அழையுங்கள். 24 மணி நேரமும் எடுப்பார்கள்.