கடைப் பக்கம்: கேள்வி-பதில்

கே: அப்பாவுக்கு 118 கிலோ. தூக்கத்தில் ஆக்ஸிஜன் 80-க்குக் கீழே இறங்குகிறது என்றதும், கடையில் ஆக்ஸிஜன் கான்சென்ட்ரேட்டரைத் தலையில் கட்டிவிட்டார்கள். இப்போது 95 காட்டுகிறது. ஆனால் காலையில் தலைவலி. சாப்பிடும்போதே தூங்கி விழுகிறார். - வாசகி, ஈரோடு

ப: உங்கள் மேல் தப்பில்லை அம்மா. மருத்துவர் சீட்டு கேட்காமல் இதை விற்றவர் மேல்தான் எனக்குக் கோபம்.

விரலில் மாட்டும் கருவி ஆக்ஸிஜனைத்தான் காட்டும்; கரியமில வாயுவைக் காட்டாது. எடை கூடியவர் மல்லாந்து படுத்தால் வயிறு உதரவிதானத்தை மேலே தள்ளும், மூச்சு மேலோட்டமாகும், கரியமில வாயு தங்கிவிடும். நாளடைவில் மூளையும் அதற்குப் பழகி, ஆழமாக இழுக்கச் சொல்லி விரட்டாது. இந்த நிலையில் ஆக்ஸிஜனை மட்டும் கொடுத்தால் மூச்சு இன்னும் மந்தமாகலாம். திரையில் 95 இருக்க, ரத்தத்தில் கரியமில வாயு ஏறும். தூக்கத்தில் தொண்டை மூடிக்கொள்ளும் அடைப்பு இருந்தால், அதுவும் அப்படியே இருக்கும். அப்பாவின் தலைவலியும் பகல் தூக்கமும் அதன் அறிகுறியாக இருக்கலாம்.

நாளைக்கே நுரையீரல் மருத்துவரிடம் காட்டி, ஏ.பி.ஜி. என்ற ரத்த வாயுப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள். பி.எம்.ஐ. (உயரத்தோடு ஒப்பிட்ட எடைக் கணக்கு) 30-க்கு மேல் இருந்து, விழித்திருக்கும்போதே ரத்தத்தில் கரியமில வாயு 45 mmHg-ஐத் தாண்டி, வேறு காரணமும் இல்லையென்றால், அது உடல்பருமனால் வரும் மூச்சுக்குறைவு. அதற்குத் தேவை மாஸ்க் வழியே அழுத்தத்தோடு காற்று தரும் மெஷின் (சீபாப் அல்லது பைபாப்). ஆக்ஸிஜன் வேண்டியிருந்தால் அதோடு சேர்த்துத் தருவார்கள். அதுவரை கான்சென்ட்ரேட்டரை நீங்களாக நிறுத்தவோ கூட்டவோ வேண்டாம். பேச்சு குழறினாலோ, எழுப்பியும் எழாவிட்டாலோ உடனே 108. பில் பத்திரம், கடை பணத்தைத் திருப்ப மறுத்தால் 1915-இல் புகார் செய்யுங்கள்.

கே: சீபாப் கேட்டால், பைபாப்தான் "பெரிய மாடல்" என்கிறார் விற்பனையாளர். - வாசகர், கோவை

ப: டி.வி.யா வாங்குகிறீர்கள்? சீபாப் ஒரே அழுத்தத்தில் தொண்டையைத் திறந்து வைக்கும். பைபாப் இழுக்கும்போது கூடுதலாகவும் விடும்போது குறைவாகவும் அழுத்தம் தந்து, மூச்சின் அளவையே கூட்டும். உடல்பருமனால் கரியமில வாயு தேங்கியவர்களிலும், தூக்கத்தில் மணிக்கு 30 தடவைக்கு மேல் மூச்சு அடைபட்டு, உடல்நிலை சீராக இருப்பவருக்கு முதலில் சீபாப் போதும் என்கிறது 2019-இல் வந்த அமெரிக்க வழிகாட்டுதல். மூச்சு மோசமாகி ஆஸ்பத்திரியில் சேர்ந்து திரும்புகிறவருக்கு பைபாப் வகை. உங்கள் ஸ்லீப் ஸ்டடி (தூக்கத்தில் மூச்சைப் பதிவு செய்யும் பரிசோதனை) ரிப்போர்ட் எங்கே? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

கே: எவ்வளவு இறுக்கினாலும் மாஸ்க் கசிகிறது. - வாசகர், மதுரை

ப: இறுக்குவதால்தான் கசிகிறது, குஷன் நசுங்கி மடிந்துவிடும். பட்டையைத் தளர்த்திப் படுங்கள். மெஷினை ஓடவிட்டு, மாஸ்கை முகத்திலிருந்து லேசாக முன்னால் இழுத்து விடுங்கள். குஷன் காற்றில் உப்பி உட்காரும். பிறகு இரண்டு பக்கமும் சமமாக, கசிவு நிற்கும் அளவுக்கு மட்டும் பட்டையை இழுங்கள். முகத்தில் எண்ணெய்ப் பிசுக்கு, தாடி இரண்டும் எதிரி. அப்படியும் கசிந்தால் சைஸ் தப்பு, மாற்றுங்கள்.

கே: பழைய ட்ரீம்ஸ்டேஷன் (பிலிப்ஸின் காற்றழுத்த மெஷின்) பாதி விலைக்கு வருகிறது. - வாசகர், சென்னை

ப: 2021 ஜூனில் பிலிப்ஸ் திரும்பப் பெற்ற மாடல்களில் முதல் தலைமுறை ட்ரீம்ஸ்டேஷனும் உண்டு. உள்ளே சத்தத்தைக் குறைக்க வைத்த பாலியூரித்தேன் நுரை உதிர்ந்து காற்றோடு வரலாம் என்பதே காரணம். அந்தப் பட்டியலில் உள்ளதா என்று பார்க்க, சீரியல் நம்பர் தராதவரிடம் பேரம் பேசாதீர்கள்.

கே: குறட்டைக்கு மூக்குக் காந்த கிளிப்? - வாசகி, சேலம்

ப: வேண்டாம். நான் வாங்கியது டிராயரில் கிடக்கிறது.

கே: மெஷினில் காற்றை ஈரமாக்கும் ஹியூமிடிஃபையரில் ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றலாமா? - வாசகர், திருச்சி

ப: டிஸ்டில்டு வாட்டர்தான். காலையில் மிச்சத்தைக் கொட்டித் தொட்டியைக் காயவிடுங்கள்.