கண்ணை மூடினால் சிலருக்கு எந்தப் படமும் தெரியாது என்பது உண்மையா? அதை எப்படிச் சோதிக்கிறார்கள்?

உண்மைதான். கேள்வி கேட்டவர் தன் தோழியைப் பற்றி எழுதியிருக்கிறார். அம்மாவின் முகத்தை நினைத்துப் பார்க்கச் சொன்னால் தோழிக்கு எதுவும் தெரிவதில்லையாம். "எல்லாருக்கும் அப்படித்தான், மனக்கண் என்பதெல்லாம் சும்மா பேச்சுக்கு" என்கிறாராம்.

நான் கல்லூரியில் உளவியல் நடத்துகிறேன். மனதில் எழும் காட்சி ஆளுக்கு ஆள் எப்படி மாறுகிறது என்பதுதான் என் ஆராய்ச்சியும். உங்கள் தோழி எழுப்பும் சந்தேகம் ரொம்ப நியாயமானது. இரண்டு பேருக்கு அனுபவமே வேறா, இல்லை ஒரே அனுபவத்தை வேறு மாதிரிச் சொல்கிறார்களா? இந்தத் துறை நூறு வருஷத்துக்கும் மேலாக இதோடுதான் மல்லுக்கட்டுகிறது.

இங்கிலாந்தில் பிரான்சிஸ் கால்டன் என்ற ஆராய்ச்சியாளர் இதைப் பலரிடம் கேட்டுப் பார்த்து 1880-இல் எழுதினார். இன்று காலை சாப்பிட்ட மேஜையை நினைவுக்குக் கொண்டுவாருங்கள், வெளிச்சம் எப்படி, உருவங்கள் தெளிவாக இருக்கின்றனவா, நிறம் தெரிகிறதா என்று கேள்விகள். நேரில் பார்ப்பது போலவே இருக்கிறது என்றவர்களும் உண்டு, ஒன்றுமே இல்லை என்றவர்களும் உண்டு. விஞ்ஞானிகளுக்குத்தான் இந்தத் திறன் குறைவு என்றும் அவர் எழுதினார். 2006-இல் வெளிவந்த மறு ஆய்வு அந்த முடிவு தவறு என்று காட்டியது. ஆனாலும் அது இன்றும் அங்கங்கே உலவிக்கொண்டுதான் இருக்கிறது.

நான் வகுப்பில் கொடுப்பது உளவியலாளர் டேவிட் மார்க்ஸ் 1973-இல் வெளியிட்ட வினாத்தாள். மொத்தம் 16 கேள்விகள். அடிக்கடி பார்க்கும் ஓர் உறவினர் அல்லது நண்பர், சூரிய உதயம், வழக்கமாகப் போகும் கடை, மலையும் ஏரியும் உள்ள ஓர் இடம் என்று நான்கு காட்சிகள். அந்த ஆள் நடக்கும் விதம், உடுத்தும் துணியின் நிறம் வரை கேட்பார். ஒவ்வொன்றும் எவ்வளவு தெளிவாகத் தெரிகிறது என்று 1 முதல் 5 வரை ஓர் எண் போட வேண்டும். முடிக்கும் வரை யாரும் பேசக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுவேன். பக்கத்தில் இருப்பவர் "அப்படியே தெரியுது" என்று சொன்னால், எதுவும் தெரியாதவர் சங்கடப்பட்டு நடு எண்ணைப் போட்டுவிடுவார்.

சரி, இது அவரவர் சொல்வதுதானே, எப்படி நம்புவது? எனக்கு மிகவும் பிடித்த பதில் சிட்னியில் ஜோயல் பியர்சன் குழு செய்த ஆய்வு. 2022-இல் வெளிவந்தது. பிரகாசமான முக்கோணத்தையும் மங்கலான முக்கோணத்தையும் காட்டிவிட்டு, பிறகு வெறும் திரையைப் பார்த்தபடி அவற்றைக் கற்பனை செய்யச் சொன்னார்கள். பொதுவாக, பிரகாசமானதைக் கற்பனை செய்யும்போது, எதிரில் வெளிச்சம் எதுவும் இல்லாமலேயே கண்பாவை சுருங்கியது. படம் தெரியாது என்று சொன்னவர்களிடம் குழுவாகப் பார்த்தபோது அந்த வேறுபாடு காணப்படவில்லை. அவர்கள் முயற்சி செய்யவில்லை என்று சொல்லவும் வழியில்லை. ஒன்றுக்குப் பதில் நான்கு உருவங்களை நினைக்கச் சொன்னபோது அவர்களுடைய பாவையும் விரிந்தது. மூளை சிரமப்பட்டு வேலை செய்தால் பாவை விரியும். ஆக, உழைப்பு இருக்கிறது, படம்தான் இல்லை. பாவையை நினைத்தபடி சுருக்கி விரித்து ஏமாற்றுவது மிகக் கடினம் என்பதால் இந்தச் சோதனையை நான் அவ்வளவு மதிக்கிறேன்.

இன்னொன்று, 2021-இல் வில்மா பெயின்பிரிட்ஜ் குழு செய்தது. அறைகளின் புகைப்படங்களைக் காட்டி, பிறகு நினைவிலிருந்து வரையச் சொன்னார்கள். படம் தெரியாதவர்கள் வரைந்ததில் பொருள்கள் குறைவு, நிறமும் குறைவு. ஆனால் வரைந்த பொருள்களைச் சரியான இடத்தில், சரியான அளவில் வைத்திருந்தார்கள். இல்லாத பொருளைச் சேர்த்து வரைந்ததும் அவர்களிடம்தான் குறைவு. எது எங்கே இருக்கிறது என்ற அறிவு வேறு, அது கண்முன் தெரிவது வேறு என்பதற்கு இதைவிட நல்ல சான்று வகுப்பில் காட்ட எனக்குக் கிடைத்ததில்லை.

இதற்கு அஃபேன்டேசியா என்று 2015-இல் பெயர் வைத்தவர் எக்ஸிடர் பல்கலைக்கழகத்தின் நரம்பியல் மருத்துவர் ஆடம் ஜீமன். முன்பு நன்றாகப் படம் தெரிந்து, இதய ரத்தக்குழாய் அடைப்புக்கான சிகிச்சைக்குப் பிறகு அது நின்றுபோன ஒருவரைப் பற்றி அவர் குழு 2010-இல் எழுதியிருந்தது. அதைப் பற்றிப் படித்துவிட்டு, "எனக்குப் பிறந்ததிலிருந்தே இப்படித்தான்" என்று பலர் தொடர்பு கொண்டார்கள். அவர்களில் பெரும்பாலானோருக்குக் கனவில் படம் வந்தது!

தோழியிடம் இது நோய் இல்லை என்று சொல்லுங்கள். கற்பனை வளம் குறைவு என்றும் அர்த்தம் இல்லை. பிக்சார் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான எட் கேட்மல் தனக்கு மனதில் படம் தெரியாது என்று வெளிப்படையாகச் சொன்னவர். ஆனால் முன்பு நன்றாகப் படம் தெரிந்த ஒருவருக்குத் திடீரென்று, அதுவும் பெரியவரான பிறகு அது நின்றுபோனால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். அப்புறம், உங்கள் தோழி எப்போதாவது மனநல ஆலோசனைக்குப் போனால் இதை முதலிலேயே சொல்லிவிடட்டும். "அமைதியான ஓர் இடத்தைக் கண்முன் கொண்டுவாருங்கள்" என்று தொடங்கும் பயிற்சிகள் அங்கே நிறைய. ஆலோசகருக்கு விஷயம் தெரிந்தால் மூச்சு, ஒலி, தொடு உணர்வு என்று வேறு வழியில் தொடங்குவார்.