விசிலோடு விமானம் ஏறலாமா?

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து எழுதியிருக்கும் அப்பாவுக்கு, வணக்கம்.

மகள் பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கிறாள், மாவட்ட அளவில் ஃபுட்பால் ரெஃபரி தேர்விலும் தேறிவிட்டாள். இப்போது வெளிநாட்டுக்குப் போய் மேட்ச் நடத்தி, அப்படியே நாட்டையும் சுற்றிப் பார்க்கப் போகிறேன் என்கிறாள். அவள் அம்மா நாலு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில் அவரைச் சாப்பிடச் சொல்லுங்கள். பெண் சொல்வது நடக்கக்கூடியதுதான். ஆனால் ரெஃபரி வேலைக்கே விசா கிடைக்கும், மாதச் சம்பளம் வரும் என்று அவள் நினைத்திருந்தால் அது மட்டும் நடக்காது.

எந்த நாட்டிலும் உள்ளூர் லீக்கில் ரெஃபரிக்கு மேட்சுக்கு இவ்வளவு என்றுதான் கொடுப்பார்கள். மேட்ச் பெரும்பாலும் சனி, ஞாயிறு. அதில் பெட்ரோலும் சாப்பாடும் போகக் கொஞ்சம் மிஞ்சும், வீட்டு வாடகை கட்ட முடியாது. அதனால் வாடகைக்கு ஒரு வேலை, வார இறுதிக்கு விசில் என்று அவள் திட்டம் போடட்டும். 'ஃபிஃபா ரெஃபரி ஆக்கிவிடுகிறேன், பணம் கட்டுங்கள்' என்று எவனாவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். ஃபிஃபா என்பது உலக ஃபுட்பால் அமைப்பு. அதன் ரெஃபரி பட்டியலுக்குப் பெயர் அனுப்புவது அந்தந்த நாட்டு ஃபுட்பால் சம்மேளனம். தனி ஆள் விண்ணப்பிக்க வழியே கிடையாது.

அப்படியானால் எந்த விசாவில் போவது? இரண்டு வழிகளை நானே சிபாரிசு செய்வேன். ஒன்று, ஆஸ்திரேலியாவின் 'வொர்க் அண்ட் ஹாலிடே' விசா, 462 என்பார்கள். 2024 அக்டோபரிலிருந்து இந்தியர்களுக்கும் உண்டு. ஆண்டுக்கு 1,000 இடம், குலுக்கல் முறை, வயது 18 முதல் 30. பிளஸ் டூவுக்கு மேல் இரண்டு ஆண்டாவது படித்திருக்க வேண்டும். ஓர் ஆண்டு தங்கலாம், வேலையும் பார்க்கலாம். ஆனால் ஒரே முதலாளியிடம் பொதுவாக 6 மாதம்தான். ஊர் சுற்ற ஆசைப்படுகிறவளுக்கு இது தொந்தரவே இல்லை, 6 மாதம் மெல்போர்ன், அப்புறம் வேறு ஊர் என்று போகலாம். அங்கே ஃபுட்பால் குளிர்கால ஆட்டம், ஏறக்குறைய மார்ச் முதல் செப்டம்பர் வரை. அதைக் கணக்கு வைத்துப் போய் இறங்க வேண்டும்.

இன்னொன்று பிரிட்டனின் 'யங் புரொஃபஷனல்ஸ்' திட்டம். இதுவும் குலுக்கல், இதே வயது, ஆண்டுக்கு 3,000 இடம், இரண்டு ஆண்டு தங்கலாம். டிகிரி கட்டாயம், கையிருப்பு 2,530 பவுண்டும் காட்ட வேண்டும். ஆகவே பி.காமைப் பாதியில் விடுகிறேன் என்று அவள் சொன்னால் நீங்கள் கோபப்பட வேண்டாம், இந்த நிபந்தனையைக் காட்டினால் போதும்.

மேல்படிப்புக்குப் போய் அங்கே ரெஃபரி ஆகலாமே என்று சிலர் யோசனை சொல்வார்கள். இங்கே ஜாக்கிரதை. பிரிட்டனில் மாணவர் விசாவில் சுயதொழில் செய்யக் கூடாது, மேட்ச் ஃபீஸ் வாங்கும் ரெஃபரியைப் பெரும்பாலும் சுயதொழில்காரராகத்தான் பார்க்கிறார்கள். அமெரிக்காவில் எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர் அனுமதியில்லாமல் கல்லூரிக்கு வெளியே சம்பாதிக்கவே கூடாது. சின்னப் பிள்ளைகளின் மேட்ச் ஒன்றை நடத்தி வாங்கிய சொற்பப் பணம்கூட விசாவுக்கு வேட்டு வைத்துவிடும்.

வேலை, குடித்தனம் எல்லாம் வேண்டாம், சும்மா ஒரு கோடையில் போய் வரட்டும் என்றால் அதற்கும் வழி உண்டு, எனக்குப் பிடித்ததும் அதுதான். ஸ்வீடனில் கோதன்பர்க் நகரத்தில் 1975 முதல் கோத்தியா கப் நடக்கிறது, இளையோருக்கான பெரிய போட்டி. அதை அடுத்து டென்மார்க்கின் யோரிங்கில் டானா கப், அப்புறம் ஆஸ்லோவில் நார்வே கப். ஜூலை நடுவிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக வரும். கோதன்பர்க்கில் கப்பல் ஏறினால் டென்மார்க்கின் ஃபிரெட்ரிக்ஸ்ஹாவ்ன், அங்கிருந்து யோரிங் பக்கம்தான். யோரிங்குக்கு வடக்கே ஹிர்ட்ஷால்ஸ் துறைமுகத்திலிருந்து நார்வேக்குக் கப்பல். மூன்று நாடும் ஷெங்கன் என்ற ஐரோப்பியப் பொது விசாக் கூட்டத்தில் இருப்பதால் ஒரே விசா போதும். இப்படிப்பட்ட போட்டிகளில் வெளிநாட்டு ரெஃபரிகளுக்குத் தங்கும் இடமும் சாப்பாடும் கொடுப்பது வழக்கம், விமானக் கட்டணம் பெரும்பாலும் நம் தலையில். அழைப்புக் கடிதத்தை எழுத்தில் வாங்கிக்கொண்டு, கைச்செலவுக்குக் கொடுக்கும் பணத்தைச் சுற்றுலா விசாவில் வாங்கலாமா என்று தூதரகத்திலேயே கேட்டுவிடுங்கள்.

பெண் பிள்ளை என்பதுதான் அம்மாவின் நிஜமான கவலை என்று படுகிறது. இந்தியப் பெண்கள் ஃபுட்பால் அணிக்கு இந்துமதி கதிரேசனைக் கொடுத்த கடலூர்க்காரர்களுக்கு நான் என்ன சொல்ல? திண்டுக்கல் ரூபா தேவி ஃபிஃபா ரெஃபரி ஆனவர். 2022 ஆண்கள் உலகக் கோப்பையில் ஜெர்மனி, கோஸ்டாரிகா மேட்சை நடத்தியவர் ஸ்டெஃபனி ஃப்ராப்பார் என்ற பெண். பாதுகாப்புக்கு நான் சொல்வது ஒன்றுதான். போய் இறங்கியதும் உள்ளூர் ரெஃபரி சங்கத்தில் பதிந்துகொள்ள வேண்டும். மேட்ச் ஒதுக்குவதும், மைதானத்தில் யாராவது வம்பு செய்தால் புகார் கேட்பதும் அவர்கள்தான். கூடவே சிறுவர் மேட்சுக்கு ஆஸ்திரேலியாவிலும் பிரிட்டனிலும் பின்னணிச் சோதனை உண்டு, அது முடியாமல் விசிலைத் தொட விடமாட்டார்கள்.

தயாரிப்புக்கு வருவோம். ஓட்டம் முக்கியம். ஃபிஃபா உடல்தகுதித் தேர்வில் 40 மீட்டரை ஆறு தடவை பாய்ந்து ஓட வேண்டும். அதன்பின் 75 மீட்டர் ஓட்டம், 25 மீட்டர் நடை, இப்படி 40 தடவை, ஆக 4 கிலோமீட்டர். அண்ணா விளையாட்டரங்கத்தில் காலையில் இதையே பழகட்டும். விதிகள் 17தான், ஆனால் வருஷா வருஷம் திருத்தம் வரும். கோல்கீப்பர் 6 விநாடிக்கு மேல் பந்தை வைத்திருந்தால் இன்டைரக்ட் ஃப்ரீ கிக் (நேராகக் கோல் அடிக்க முடியாத உதை) என்று நம் ஊரில் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். 2025 ஜூலையிலிருந்து அது 8 விநாடி, தண்டனை கார்னர் கிக். கடைசி 5 விநாடியை ரெஃபரி கையைத் தூக்கி விரலால் எண்ணிக் காட்ட வேண்டும். புது ஊரில் முதல் மேட்சிலேயே இதில் தடுமாறினால் அடுத்த வாரம் மேட்ச் வராது.

இந்த மாதமே ஒரு காரியம் செய்யுங்கள். ரெஃபரி சான்றிதழ், மார்க் ஷீட், பாஸ்போர்ட் மூன்றையும் மேசைமேல் பரப்பிப் பெயரைப் பாருங்கள். ஒன்றில் இனிஷியல், ஒன்றில் உங்கள் முழுப்பெயர், ஒன்றில் எழுத்துக்கூட்டல் வேறு என்று இருந்தால், விசா நேரத்தில் அலையாமல் இப்போதே திருத்தி வாங்கிவிடலாம்.