வீட்டு வீடியோவை டிவிடியில் ஏற்ற எந்த இலவச மென்பொருளைப் பாதுகாப்பாக இறக்கலாம்?

தண்டையார்பேட்டையில் எடுத்த வளைகாப்பு வீடியோவை, ஊரிலுள்ள பாட்டி பழைய டிவிடி பிளேயரில் பார்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். எம்பி4 கோப்பை அப்படியே எழுதினால் பல பழைய பிளேயர்கள் படிக்காது. அதற்கு டிவிடி ஸ்டைலர் என்ற மென்பொருள் போதும். இலவசம், வீடியோவை டிவிடி பிளேயர் படிக்கும் எம்பெக்-2 வடிவத்துக்கு மாற்றி மெனுவும் போட்டுத் தரும்.

ஆபத்தெல்லாம் இறக்கும் இடத்தில்தான். தேடலில் மேலே வருவது பெரும்பாலும் விளம்பரம். பக்கத்தைத் திறந்தால் பச்சையில் நாலு 'டவுன்லோட்' பொத்தான். சென்னை பர்மா பஜாரில் கடைக்காரர்கள் கையைப் பிடித்து இழுப்பது போல ஒவ்வொன்றும் கூப்பிடும். நானும் ஒருமுறை ஏமாந்து, பிரவுசரின் முகப்புப் பக்கமே மாறிப்போய் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீணானது. மென்பொருளை உருவாக்கியவர்களின் சொந்தத் தளத்துக்கே போங்கள். இறங்கிய கோப்பைத் திறக்காமல் வைரஸ்டோட்டலில் (கோப்பைப் பல ஆன்டிவைரஸ்களால் சோதிக்கும் இணையதளம்) ஏற்றிப் பாருங்கள். நிறுவும்போது 'கஸ்டம்' என்பதைத் தேர்ந்தெடுத்து, டூல்பார், வேறு ஆன்டிவைரஸ் என்று வரும் டிக்குகளை எடுத்துவிடுங்கள். 'ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு நிறுவு' என்று சொன்னால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். பூட்டை உடைத்த கிராக் பதிப்பெல்லாம் வேண்டாம், இலவசத்துக்கு எதற்கு கிராக்?

சரி, எழுதுவது சுலபம். சாதாரண டிவிடியில் 4.7 ஜிபிதான், சுமார் இரண்டு மணி நேரத்துக்கு மேல் திணித்தால் படம் மங்கும். முதலில் ஐஎஸ்ஓ கோப்பாக (முழு டிஸ்கையும் ஒரே கோப்பாக்கியது) கணினியில் சேமித்து, விஎல்சி என்ற வீடியோ பிளேயரில் ஓட்டிப் பாருங்கள், ஒரு டிஸ்க் மிச்சம். அப்புறம் டிவிடி-ஆர் (ஒருமுறை மட்டும் எழுதக்கூடிய வெற்று டிஸ்க்) வாங்கி, அதிவேகம் வேண்டாம், 4எக்ஸ் அல்லது 8எக்ஸில் எழுதுங்கள்.