ரொட்ரீக்ஸுக்கு இரண்டு நாள் போதுமா?

அன்புள்ள அக்காவுக்கு,

மொரீஷியஸைச் சேர்ந்த ரொட்ரீக்ஸ் தீவைப் பற்றி நீங்கள் முன்பு எழுதியதைப் படித்ததிலிருந்து அந்தப் பெயர் மனதிலேயே நிற்கிறது. செப்டம்பரில் ஒன்பது நாள் மொரீஷியஸ் போகிறோம். நான், கணவர், மாமியார். நடுவில் இரண்டு நாளை ரொட்ரீக்ஸுக்கு ஒதுக்கியிருக்கிறோம். அதற்குள் பார்க்க வேண்டியவை என்று என் கணவர் பதினான்கு இடங்களைக் குறித்துவிட்டார். ஓய்வெடுக்கத்தான் போகிறோம், ஆனால் பட்டியலைப் பார்த்தாலே களைப்பாக இருக்கிறது. இரண்டு நாள் போதுமா? மாமியாருக்கு முழங்கால் வலி உண்டு.

ரேவதி

அன்புள்ள ரேவதி,

போதாது. ஒன்பதில் ஐந்து நாளை ரொட்ரீக்ஸுக்கே கொடுத்துவிடுங்கள். மொரீஷியஸிலிருந்து அங்கே போக நடுவில் சுமார் 560 கிலோமீட்டர் கடல். சிறிய விமானம், ஒன்றரை மணி நேரம். இரண்டு நாளில் ஒரு நாள் பெட்டி கட்டுவதிலும் அவிழ்ப்பதிலும் போய்விடும். இன்னொன்று, ரொட்ரீக்ஸை முதலில் வையுங்கள், மொரீஷியஸைக் கடைசியில். காற்று பலமாக இருந்து விமானம் தள்ளிப்போனால், ஊர் திரும்பும் விமானத்தைத் தவறவிட வேண்டியிராது.

எனக்கு அப்படித் தள்ளிப்போனது. முதல் முறை மூன்று நாளுக்குப் போயிருந்தேன், மூன்று நாளும் வண்டியிலேயே சுற்றினேன். விமானம் மறுநாள்தான் என்று சொல்லிவிட்டார்கள். வேறு வழியில்லாமல் தென்கரையில் மூரூக் பக்கம் ஒரு திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். அந்தத் தீவின் பரப்பு 108 சதுர கிலோமீட்டர்தான். ஆனால் பவளப்பாறை வளைத்து நிற்கும் ஆழமில்லாத கடல், லகூன் என்கிறார்களே அது, தீவைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. காலையில் அந்தக் கடல் வற்ற ஆரம்பித்தது. நீலமாக இருந்த இடம் பழுப்பாகி, கல்லும் பாசியுமாகத் தரை தெரிந்தது. அப்புறம் ஒவ்வொருவராகப் பெண்கள் இறங்கினார்கள். தலையில் பனையோலைத் தொப்பி, காலில் பூட்ஸ், கையில் நீளமான இரும்புக் கம்பி. பேய்க்கணவாய், அதாவது ஆக்டோபஸ் பிடிக்கிறவர்கள்.

ஒரு பாட்டி கரைக்குக் கிட்டவே இருந்தார். எனக்கு வெறும் பாறையாகத் தெரிந்த இடத்தில் நின்றார். பொந்தின் வாயில் சின்னக் கற்களும் சிப்பி ஓடுகளும் குவிந்திருந்தால் உள்ளே ஆக்டோபஸ் இருக்கிறது என்று அர்த்தமாம். கம்பியை நுழைத்து மெதுவாக அசைத்தார். ஒரு கை வெளியே வந்து கம்பியைச் சுற்றியது, அப்புறம் இன்னொன்று. இழுத்தெடுத்து, அதன் தலையை ஒரே திருப்பில் சட்டைப்பையை வெளியே எடுப்பதுபோல் உள்புறம் வெளியாகத் திருப்பிவிட்டார். அவ்வளவுதான், அடங்கிவிட்டது. தண்ணீர் ஏறத் தொடங்கியதும் எல்லோரும் கரை வந்துவிட்டார்கள். மதியம் குச்சிகளில் எட்டுக் கைகளையும் விரித்துக் காயப்போட்டிருந்தார்கள்.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், உங்கள் தேதியை மாற்றச் சொல்லப் போகிறேன். 2012 முதல் அங்கே ஆகஸ்ட் நடுவிலிருந்து சுமார் இரண்டு மாதம் ஆக்டோபஸ் பிடிக்கத் தடை. முட்டையிட்டுப் பெருக விட்டுவிடுகிறார்கள், நல்ல ஏற்பாடு. செப்டம்பரில் போனால் இந்தக் காட்சி உங்களுக்குக் கிடைக்காது. லீவை அக்டோபர் கடைசிக்குத் தள்ள முடியுமா பாருங்கள். தடை முடிந்திருக்கும், தென்கிழக்குக் காற்றின் வேகம் தணிந்திருக்கும், வெயிலும் இதமாக இருக்கும். நவம்பர் தொடங்கினால் புயல் காலம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் இன்னும் வற்றும், அதையும் சேர்த்துப் பாருங்கள்.

சரி, அந்தப் பதினான்கு. மூன்றை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்பது என் எண்ணம். ரொட்ரீக்ஸின் முக்கிய ஊரான போர்ட் மாத்துரினில் சனிக்கிழமைச் சந்தை. விடியும்போதே தொடங்கிச் சீக்கிரம் முடிந்துவிடும். தேன், மிளகாய் ஊறுகாய், சிவப்பு பீன்ஸ் எல்லாம் வாங்கலாம். துணிப்பை கொண்டுபோங்கள், பிளாஸ்டிக் பைக்கு 2014 முதல் தடை. காசு கொடுக்கும்போது நோட்டை ஒரு முறை பாருங்கள். மொரீஷியஸ் ரூபாயில் தொகை தமிழிலும் அச்சாகியிருக்கும். அந்தச் சந்தை நடுவில் அதைப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

அடுத்தது இல் ஓ கொக்கோ. மேற்கே லகூனுக்குள் இருக்கும் மணல் திட்டு, படகில் போக வேண்டும். அங்கே வெள்ளை ஆலா என்ற பறவை கூடு கட்டாமல், வெறும் கிளையில் ஒரே ஒரு முட்டையை வைத்து அடைகாக்கும். நான் பார்த்த முட்டை சவுக்குக் கிளையின் சிறு பள்ளத்தில் இருந்தது, காற்றில் கிளையோடு சேர்ந்து ஆடியது. அதற்கு அடியில் பேசவே தோன்றவில்லை.

மூன்றாவது, பிரான்சுவா லெகா காப்பகத்து ராட்சத ஆமைகள். லெகா என்ற பிரெஞ்சுக்காரர் 1691-இல் ரொட்ரீக்ஸுக்கு வந்து இரண்டு வருடம் இருந்தவர். அவர் பார்த்த ஆமை இனங்கள் அடியோடு அழிந்துவிட்டன. இப்போது இருப்பவற்றில் பெரும்பாலானவை அல்டாப்ரா தீவு ஆமைகள். அங்கே குகையும் இருக்கிறது, ஆனால் படி ஏறி இறங்க வேண்டும், மாமியாருக்கு வேண்டாம்.

தங்குவதற்கு ஹோட்டல் தேடாதீர்கள். கடலைப் பார்த்த திண்ணையுள்ள ஒரு வீட்டு விடுதி, ஐந்து நாளும் அதே இடம். ராத்திரிச் சாப்பாடு வீட்டுக்காரரோடு ஒரே மேசையில் அமையும். தண்ணீருக்கு அங்கே எப்போதும் தட்டுப்பாடு, குளிக்கும்போது நினைவில் வையுங்கள். மாலையில் பஸ் குறைந்துவிடும், அதனால் வெளியே போகும் நாளில் காலையிலேயே கிளம்புங்கள்.

மிச்ச நாட்களுக்குத் திட்டம் எதுவும் போட வேண்டாம் என்று கணவரிடம் சொல்லுங்கள். மாமியாருக்கு அந்தத் திண்ணையில் ஒரு நாற்காலி போதும், கடல் வற்றுவதும் ஏறுவதும் உட்கார்ந்த இடத்திலிருந்தே தெரியும். தேதி முடிவானதும் எழுதுங்கள். அந்த வாரம் கடல் எத்தனை மணிக்கு வற்றும் என்று பார்த்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
அக்கா